செஞ்சித் திமிங்கலமும் விதி பதினாலும்

செஞ்சியில் கடல் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. மலை இருக்கிறது, மலைமேல் கோட்டை இருக்கிறது, யாரோ அடுக்கி வைத்துவிட்டு எடுக்க மறந்தது போலப் பாறை இருக்கிறது, சித்திரை வைகாசியில் அந்தப் பாறையெல்லாம் ஒன்று சேர்ந்து ஊரை வறுத்தெடுக்கிற வெயில் இருக்கிறது. கடல் வேண்டும் என்றால் திண்டிவனம் தாண்டி மரக்காணம் போக வேண்டும். ஆகவே, செஞ்சி மக்களின் நெடுநாள் குறையைப் போக்கும் பொருட்டு, பொருட்காட்சி முதலாளி தேவேந்திரன் கோட்டை ரோட்டோரக் காலி மனையில் ஒரு பள்ளம் தோண்டி, தார்ப்பாய் விரித்து, டேங்கர் டேங்கராகத் தண்ணீர் ஊற்றி, அதற்குக் கடல் என்று பெயர் வைத்தார்.

கடல் என்று ஒன்று இருந்தால் அதில் ஏதாவது இருந்தாக வேண்டும். போன வருஷம் வரைக்கும் கடல்கன்னி இருந்தாள். மஞ்சு என்கிற பெண் இடுப்புக்குக் கீழே மினுமினு மீன் வாலை மாட்டிக்கொண்டு, கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். இந்த வருஷம் அவளுக்கு மவுசு போய்விட்டது. "கடல்கன்னிதான? பாத்தாச்சு பாத்தாச்சு" என்று ஜனங்கள் ராட்டினத்துப் பக்கம் நகர்ந்துவிட்டார்கள். தேவேந்திரன் ஒரு வாரம் செல்போனைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார். உலகம் முழுக்க இப்போது திமிங்கலம்தான் ஓடுகிறது என்று தெரிந்தது. அதிலும் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு ஜாதித் திமிங்கலம். வெளிநாட்டில் தொட்டி கட்டி, அதற்குள் அதை விட்டு, பந்தைத் தூக்கிப் போட்டுக் குதிக்க வைக்கிறார்கள். ஆயிரம் பேர் சுற்றி உட்கார்ந்து கை தட்டுகிறார்கள்.

மறுநாள் ரோட்டில் தட்டி வைத்தாகிவிட்டது: "செஞ்சியில் முதல் முறையாக! உயிருள்ள கொலைகாரத் திமிங்கலம்! குழந்தைகளுடன் வருக!"

அந்தக் கொலைகாரத் திமிங்கலம், சிங்கவரத்துச் சுமலதா.

சுமலதா ஏழாவது வரைக்கும் படித்தவள். மளிகைக் கடைக்குப் போனால்கூடச் சாமான் பேரைச் சொல்ல வெட்கப்பட்டுக் கையைக் காட்டி வாங்கி வருகிறவள். புருஷன் ரஞ்சித் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய், போனிலேயே குடும்பம் நடத்துகிறான். கையில் ஏழு மாசப் பெண் குழந்தை, வெண்மதி. "மூஞ்சி காட்ட வேணாம், பேச வேணாம், நீஞ்சத் தெரிஞ்சா போதும்" என்று தேவேந்திரன் சொன்னபோது, இந்த உலகத்தில் தனக்கென்றே ஒரு வேலை இத்தனை நாள் காத்துக் கிடந்திருக்கிறது என்று சுமலதா நினைத்தாள். நீச்சல் அவள் ஊர்க் கிணற்றில் அண்ணன்மாரோடு குதித்துப் பழகியது.

திமிங்கலம் ரப்பர் ஷீட்டும் பஞ்சும் வைத்துத் தைத்தது. உச்சந்தலையில் மூச்சுக்கு ஒரு குழாய், வாயில் பார்வைக்கு ஒரு வலை, முதுகில் நெட்டுக்குத்தாக ஒரு துடுப்பு, வயிற்றில் நீளமாக ஒரு ஜிப்பு. தண்ணீருக்குள் இருந்துகொண்டே வியர்த்துக் கொட்டுகிற பிராணி உலகத்தில் அது ஒன்றாகத்தான் இருக்கும். ஒரு நாளைக்கு ஆறு காட்சி. ஒரு காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் நடுவில் கால் மணி நேரம். ஜிப்பைத் திறந்து வெளியே வர ஆறு நிமிஷம். திரும்ப உள்ளே போய் மூட எட்டு நிமிஷம். மிச்சமிருக்கிற ஒரு நிமிஷத்தில் வெண்மதிக்குப் பால் கொடுக்க வேண்டும்.

வெண்மதிக்கு இந்த ஏற்பாடு புரியவில்லை. தொட்டிக்குப் பின்பக்கம், பஜ்ஜிக் கடை மீனம்பாளின் தள்ளுவண்டியை ஒட்டிக் கட்டிய தூளியில் கிடந்து, தொண்டை கட்டுகிற வரைக்கும் அழுதாள். உள்ளே இருப்பவளுக்கு மூச்சுக் குழாய் வழியாகக் காற்று வரும்போது, காற்றோடு அந்த அழுகையும் வந்தது. காதைப் பொத்தலாம் என்றால் கை துடுப்புக்குள் இருக்கிறது. அங்கன்வாடியில் எடை போட்ட அக்கா, "போன மாசத்துக்கு இந்த மாசம் கொழந்த எறங்கிப் போச்சே, பால் குடுக்கறியா இல்லியா?" என்று அதட்டினாள்.

சுமலதா இருக்கிற தைரியத்தையெல்லாம் திரட்டிக்கொண்டு தேவேந்திரனிடம் போனாள்.

"மொதலாளி… நடுவுல ஒரு காட்சி… கொழந்தைக்கு…"

"ஏம்மா, எட்டு காட்சி நடத்துற எடமெல்லாம் இருக்குது. ஆறுக்கே இப்டி மூக்கால அழுதா? புட்டிப்பால் குடு."

"புட்டிய வாயில வெக்க மாட்டேங்குது மொதலாளி."

"பழக்கு. நீயே திமிங்கலத்துக்குப் பழகிட்ட, அது புட்டிக்குப் பழகாதா?"

இந்த நியாயத்தைக் கேட்டுக்கொண்டு சுமலதா திரும்பிப் போய் ஜிப்பைப் போட்டுக்கொண்டாள்.

நிலைமை இவ்வாறு இருக்கையில் ஷோபனா மேடம் காட்சி பார்க்க வந்தார். காந்தி பஜாரில் அழகு நிலையம் வைத்திருப்பவர். உயிர்க்கருணை வட்டத்தின் தலைவியும் அவரே. கடல்கன்னி வேலை போன மஞ்சுவை, இரக்கப்பட்டுத் தன் அழகு நிலையத்தில் நாள் முழுக்க நிற்கிற வேலைக்குச் சேர்த்துக்கொண்டவர். அன்றைக்கு வெயிலில் பஞ்சு இளகி, திமிங்கலத்தின் முதுகுத் துடுப்பு ஒரு பக்கமாகத் தொங்கிப் போயிருந்தது. அதைப் பார்த்ததும் மேடத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாத்தியா மஞ்சு! கடல்ல இருக்கறதுக்குத் துடுப்பு நிமிந்து நிக்கும். அடைச்சு வெச்சதுக்குத்தான் இப்படிச் சாஞ்சு போகும். இது மனசு ஒடஞ்ச திமிங்கலம்!"

மறுநாளே துண்டுப் பிரசுரம் வந்துவிட்டது. மஞ்சு வாசலில் நின்று கொடுத்தாள். காற்றில் ஒன்று பறந்து தொட்டிக்குள் விழ, சுமலதா வாய் வலை வழியாக எழுத்துக் கூட்டிப் படித்தாள். இந்த ஜாதித் திமிங்கலம் கடலில் ஒரே நாளில் சென்னைக்குப் போகிற தூரம் நீந்துமாம். தாயும் பிள்ளையும் கடைசி வரைக்கும் ஒரே கூட்டமாக இருக்குமாம். தொட்டியில் அடைத்தால் சுற்றிச் சுற்றி வந்து, சுவரைக் கடித்துக் கடித்துப் பல் தேய்ந்து போகுமாம். குட்டியைப் பிரித்துக்கொண்டு போனால் தாய் நாள் கணக்கில் கத்திக்கொண்டே இருக்குமாம்.

சுமலதாவுக்குத் தன் கவலை ஒரு நிமிஷம் மறந்து போயிற்று. எங்கேயோ ஒரு தேசத்தில், இதே மாதிரி ஒரு தொட்டியில், நிஜமாகவே ஒன்று சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆறு காட்சி முடிந்தாலும் அது வெளியே வர முடியாது. அதற்கு ஜிப்பு கிடையாது.

உயிர்க்கருணை வட்டத்தின் மனு, பொழுதுபோக்குப் பிராணிகள் நலத் தனி அலுவலருக்குப் போயிற்று. அப்படி ஒரு பதவி இருப்பது, அதில் இருந்த ராஜாராமுக்கே பல நாள் மறந்து போகும். உரக்கடை மாடியில் ஒரு அறை, ஒரு மேசை, பச்சை அட்டை போட்ட ஒரு விதிப் புத்தகம். மூன்று வருஷத்தில் வந்தது ஒரே ஒரு புகார். பூம்பூம் மாடு தலையாட்ட மறுக்கிறது என்று மாட்டுக்காரனே கொடுத்தது. அப்படிப்பட்ட இடத்துக்குத் திமிங்கலம் வந்ததும் ராஜாராம் சட்டைக்கு இஸ்திரி போட்டார். மாட்டு டாக்டர் சுந்தரமூர்த்தியையும் கூட்டிக்கொண்டு, நேரடித் தணிக்கைக்கு எழுந்தருளினார்.

தேவேந்திரனுக்கு இரண்டு வழி இருந்தது. உள்ளே பெண் இருக்கிறாள் என்றால் ஏமாற்று வழக்கு. திமிங்கலம் இருக்கிறது என்றால் வதை வழக்கு. கொஞ்சம் யோசித்து, இரண்டில் கௌரவமானதைத் தேர்ந்தெடுத்தார்.

"உயிருள்ளதுதான?" என்றார் ராஜாராம்.

"உயிரில்லாம எப்பிடி சார் ஆறு காட்சி?"

"கொலைகாரன்னு தட்டி வெச்சிருக்கியே. இதுவரிக்கும் யாரக் கொன்னுது?"

"யாரயும் இல்ல சார். தங்கமான பிராணி."

"அப்ப கொலைகாரன்னு எப்படிப் போடலாம்? குத்தம் நிரூபணம் ஆவல. 'கொலை செய்யக்கூடும் எனக் கருதப்படும் திமிங்கலம்'னு மாத்து."

டாக்டர் சுந்தரமூர்த்தி தொட்டியோரம் குந்தி, திமிங்கலத்தைத் தட்டிப் பார்த்தார், தடவிப் பார்த்தார், மாட்டுக்குப் பார்ப்பது போல வாலைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே சுமலதா மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தாள்.

"டாக்டர், இது திமிங்கலம்தானா? கரெக்டா சொல்லணும், ரெக்கார்டு."

"ஐயா, நான் மாடு பாத்திருக்கேன், ஆடு பாத்திருக்கேன், கோழி பாத்திருக்கேன். இது அந்த மூணும் இல்ல. அதனால திமிங்கலந்தான்."

'மருத்துவ ரீதியாக உறுதி செய்யப்பட்டது' என்று ராஜாராம் எழுதிக்கொண்டார்.

"வயித்துல நீளமா ஒரு கோடு தெரியுதே, அது இன்னா?"

"தொப்புள் கோடுங்க ஐயா. பாலூட்டி இல்லீங்களா? எல்லாப் பாலூட்டிக்கும் தொப்புள் உண்டு" என்றார் டாக்டர்.

சுமலதாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாலூட்டி! 'திமிங்கலம் மீன் அல்ல. அது ஒரு பாலூட்டி.' ஏழாவதில் டீச்சர் எழுப்பிக் கேட்ட கேள்விக்கு அவள் வாயைத் திறந்து சொன்ன ஒரே பதில் அது. அதே நேரத்தில் பின்பக்கம் வெண்மதி வீரிட்டு அழுதாள். குழந்தை அழுதால் தாய் உடம்பு சும்மா இருக்காது. ஜிப்பு ஓரமாகப் பால் கசிந்து, தண்ணீரில் வெள்ளையாகப் படர்ந்தது.

டாக்டர் விரலால் தொட்டு முகர்ந்தார். "ஐயா! பால்!"

"இன்னா பால்?"

"மாட்டுப் பால் வாசன இல்ல. ஆட்டுப் பால் வாசன இல்ல. அப்ப திமிங்கலப் பால்தான். இது குட்டி போட்ட திமிங்கலம் ஐயா!"

ராஜாராம் தேவேந்திரன் பக்கம் திரும்பினார். "குட்டி இருக்குதா?"

"குட்டியெல்லாம் ஒண்ணும் கெடையாது சார்…"

திமிங்கலம் தண்ணீரிலிருந்து எழும்பி, இருக்குது இருக்குது என்று தலையை ஆட்டிற்று. இஸ்திரி போட்ட சட்டை முழுக்க நனைந்தது.

"அதுவே இருக்குதுன்னு சொல்லுது. நீ இல்லைங்கற?"

"இருக்குது சார். கொஞ்சம் கூச்ச சுபாவம். ஆளுங்க எதிர்ல வராது."

'குட்டி ஒன்று. கூச்சமுடையது' என்று எழுதிக்கொண்டு, ராஜாராம் பச்சை அட்டைப் புத்தகத்தைப் பிரித்தார். தொண்டையைச் செருமி, கோயிலில் மந்திரம் சொல்கிற குரலில் வாசித்தார்:

"விதி பதினாலு. பாலூட்டும் நிலையிலுள்ள பாலூட்டி எதனையும் அதன் குட்டியிடமிருந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் பிரித்து வைத்தலாகாது. அத்தகைய பாலூட்டிக்கு நாளொன்றுக்கு இரண்டு காட்சிகளுக்கு மேல் விதித்தலாகாது. பாலூட்டும் வேளையில் திரையிட்டு அதன் அந்தரங்கம் காக்கப்படுதல் வேண்டும். நிழலும், போதிய உணவும், கனிவான சொற்களும் வழங்கப்படுதல் வேண்டும்."

உள்ளே சுமலதா அழுதாள். இப்படி ஒரு விஷயத்தை எங்கேயோ ஒரு ஆபீசில் யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்து, எழுதி, அச்சடித்து, பச்சை அட்டையும் போட்டு வைத்திருக்கிறார். இத்தனை நாள் யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

அடுத்து வந்த ஒரு மாசம், சுமலதா பிறந்ததிலிருந்து அனுபவிக்காத மாசம். தொட்டிக்கு மேலே பச்சை வலை போட்டு நிழல் வந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் திரை இறங்கும். மீனம்பாள் வெண்மதியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வருவாள். "இந்தாம்மா திமிங்கலம், உங் குட்டி வந்துட்டா" என்று மடியில் போடுவாள். தேவேந்திரன் வெளியே நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு, கனிவான சொற்கள் வழங்குவார். "சாப்டியா? தூங்கினியா? ஒடம்பு எப்பிடி இருக்குது?" தினமும் பதினைந்து கிலோ மீன் வந்தது. மீனம்பாள் பஜ்ஜியை விட்டுவிட்டு மீன் வறுவலுக்கு மாறினாள். வாராந்திரத் தணிக்கைக்கு வருகிற ராஜாராம், திமிங்கலத்தின் உணவு தரமாக உள்ளதா என்று ஆறு துண்டு தின்று பார்த்து, உள்ளது என்று சான்றளிப்பார். கடைசியில் திமிங்கலம் மைப் பெட்டியில் துடுப்பை அழுத்தி, நோட்டில் துடுப்பு ரேகை வைக்கும்.

அங்கன்வாடி அக்கா எடை போட்டுவிட்டு, "இப்ப பரவால்ல, இன்னா குடுக்கற?" என்றாள்.

"விதி பதினாலு அக்கா" என்றாள் சுமலதா.

ஆனால் ஷோபனா மேடம் திருப்தி அடையவில்லை. "தொட்டிக்கு நிழல் போட்டா அது கடல் ஆயிடுமா? ரெண்டு காட்சின்னாலும் அடிமைதான். விடுதலை செய்!" என்றார். நிஜத் திமிங்கலத்தை நினைத்துப் பார்த்தபோது, அது நியாயம்தான் என்று சுமலதாவுக்கும் பட்டது.

நியாயம் என்று பட்டதோ இல்லையோ, ஊருக்கு அது ஃபேஷன் ஆகிவிட்டது. பைக்கில் 'நானும் ஒரு திமிங்கலம்' என்று ஸ்டிக்கர். பேக்கரியில் கறுப்பு வெள்ளை கேக். தையல் கடையில் முதுகுப் பக்கம் துடுப்பு வைத்த ஜாக்கெட். நிச்சயதார்த்த பேனரில் மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் நடுவில் திமிங்கலம். பொருட்காட்சி வாசலில் தினமும் கோஷம். கோஷம் போட்டு முடித்தவர்கள் டிக்கெட் வாங்கி உள்ளே வந்து, அடிமைத்தனம் எப்படி இருக்கிறது என்று இரண்டு காட்சியும் பார்த்துவிட்டுப் போனார்கள்.

மஞ்சு காலையிலிருந்து வெயிலில் ஒரு அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். 'தாயையும் சேயையும் பிரிக்காதே!'

மீனம்பாள் ஒரு நாள் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தாள். "உனக்கும் கைக்கொழந்த இருக்குதுல்லடி? யார்ட்ட வுட்டுட்டு வந்த?"

"பக்கத்து வூட்ல போட்டுட்டு வந்தேங்கா. அழுதுனே இருக்குதாம். லீவு கேட்டேன். போராட்டம் முடியட்டும் மஞ்சுன்னு மேடம் சொல்லிட்டாங்க."

போராட்டம் வென்றது. 'மேற்படி திமிங்கலத்தை மரக்காணம் கடலில், குட்டியுடன், உரிய மரியாதைகளுடன் விடுவிக்க வேண்டியது' என்று ஆணை வந்தது. ராகு காலம் பார்த்து நேரம் குறித்தார்கள்.

சுமலதா தேவேந்திரனிடம் ஓடினாள். "மொதலாளி, கெணத்துலதான் நீஞ்சுவேன். கடல நான் பாத்ததே இல்ல."

"கத்தாத. கூட்ரோடு தாண்டினதும் டீ குடிக்க லாரிய நிறுத்துவேன். ஜிப்பத் தொறந்துனு எறங்கி ஓடிடு. மீதிய நான் பாத்துக்கறேன். வாய மட்டும் தொறக்காத."

ஆனால் ராஜாராம் அனுபவம் உள்ளவர். வழியில் யாரும் நல்ல திமிங்கலத்தை எடுத்துவிட்டு வேறு திமிங்கலத்தை வைத்துவிடக் கூடாதே என்று, தொப்புள் கோட்டின் மேலே நூல் சுற்றி, அரக்கு உருக்கி ஊற்றி, அரசாங்க முத்திரை குத்திவிட்டார். "இத ஒடைச்சா ஜெயில்" என்று தேவேந்திரனுக்கு எச்சரிக்கையும் கொடுத்தார்.

லாரியில் தார்ப்பாய்த் தொட்டி. தொட்டியில் சுமலதா. அவள் கழுத்தில் ஆளுயர மாலை. முன்னால் பேண்டு வாத்தியம், பின்னால் ஷோபனா மேடத்தின் ஜீப். கோட்டை ரோட்டிலிருந்து காந்தி பஜார் வருவதற்குள் பதினோரு இடத்தில் லாரியை நிறுத்திப் பொன்னாடை போட்டார்கள். ஒவ்வொரு இடத்திலும் ஒரு பேச்சு. எல்லாப் பேச்சும் தாய்மையைப் பற்றி. கூட்டத்தில் இடிபட்டுக்கொண்டு வெண்மதியை இடுப்பில் வைத்தபடி மீனம்பாள் லாரியோடு நடந்தாள். குழந்தை முதலில் சிணுங்கியது. அப்புறம் அழுதது. அப்புறம் அந்த அடித்தொண்டைக் கத்தல் ஆரம்பித்தது. மூச்சுக் குழாய் வழியாகச் சுமலதாவுக்கு அது ஒன்றுதான் கேட்டது. துடுப்பால் ஜிப்பைத் தேடினாள். அரக்கு கல்லாக இறுகியிருந்தது.

கடைக்காரரிடம் உப்பு என்று சொல்ல வெட்கப்படுகிற சுமலதா, ஊர் மொத்தமும் கூடி நின்ற காந்தி பஜாரில் கத்தினாள்:

"சார்! ரெண்டு மணி நேரம் ஆச்சு சார்! விதி பதினாலு சார்!"

பேண்டு நின்றது.

ராஜாராம் லாரிமேல் ஏறினார். "திமிங்கலமா பேசுது?"

"நான்தான் சொன்னேனே, ரொம்பப் புத்திசாலிப் பிராணி சார்" என்றார் ஷோபனா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"சிங்கவரத்துப் பேச்சாட்டம் இருக்குதே" என்றார் டாக்டர் சுந்தரமூர்த்தி.

"ரெண்டு மாசமா இந்த ஊர்ல இருக்குதுல்ல, பழகியிருக்கும்" என்றார் தேவேந்திரன்.

மீனம்பாள் யாரையும் கேட்கவில்லை. குழந்தையைப் பக்கத்தில் நின்ற மஞ்சுவிடம் தள்ளிவிட்டு, மீன் வெட்டுகிற கத்தியோடு லாரியில் ஏறி, அரசாங்க முத்திரையை ஒரே இழுப்பில் அறுத்துப் போட்டாள். திமிங்கலத்தின் வயிற்றிலிருந்து, நைட்டி உடம்போடு ஒட்டிப்போய், தலைமயிர் சொட்டச் சொட்ட, ஒரு பெண் வெளியே வந்தாள். ஒருவர் முகத்தையும் பார்க்காமல் குழந்தையை வாங்கி, பொன்னாடை ஒன்றை இழுத்து மூடிக்கொண்டு, திரும்பி உட்கார்ந்து பால் கொடுத்தாள். காந்தி பஜாரில் அந்தக் குழந்தை குடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

கடைசியில் ராஜாராம் கேட்டார்: "யாரும்மா நீ?"

"சுமலதா சார். சிங்கவரம்."

"திமிங்கலம் எங்க?"

"நான்தான் சார்."

"அப்ப கூச்சமுடைய குட்டி?"

"இதான் சார்."

ராஜாராம் பச்சைப் புத்தகத்தை எடுத்தார். பதினாலாம் விதியிலிருந்து பின்னோக்கிப் புரட்டிக்கொண்டே போய், முதல் பக்கத்தில் நின்றார். அவர் முகம் வெளுத்தது. "விதி ரெண்டு. விளக்கம். 'பாலூட்டி' என்பது மனிதர் நீங்கலான பாலூட்டிகளை மட்டுமே குறிக்கும்." புத்தகத்தை மூடினார். "மனிதர் நீங்கலாக! அப்ப நெழலு, மீனு, திரை, ரெண்டு காட்சி எல்லாமே விதிக்குப் புறம்பா குடுத்திருக்கு! என் வேலைக்கே உல வெச்சுட்டியேம்மா!"

"அப்ப எனக்கு எந்த விதி சார்?"

"மனுசங்களுக்கு வேற ஆபீஸ்."

"அது எங்க இருக்குது சார்?"

ராஜாராம் கோட்டைப் பக்கம் பார்த்தார், பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பார்த்தார். "எங்கியாவது இருக்கும்."

ஷோபனா மேடத்துக்குத் தாங்கவில்லை. "மொதல்லயே சொல்லக் கூடாதாம்மா? ஊரே உனக்காக வெயில்ல நின்னுச்சே!"

"சொல்லியிருந்தா இன்னா பண்ணியிருப்பீங்க மேடம்?"

மேடம் நேர்மையானவர். யோசித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வீட்டுக்குப் போயிருப்போம்."

போனார்கள். மஞ்சு அட்டையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அழகு நிலையத்துக்குப் போனாள். 'பிராணி எதுவும் வதைக்கப்படவில்லை எனத் தெரியவருவதால் புகார் முடித்து வைக்கப்படுகிறது' என்று ராஜாராம் எழுதினார். பிராணியே இல்லாததால் தேவேந்திரன் மேலும் குற்றம் இல்லை; ஏமாற்று வழக்குக்கு வேறு ஆபீஸ். அவர் அன்றைக்கே பச்சை வலையைக் கழற்றி, புதுத் தட்டி வைத்தார்: "உள்ளே இருப்பது திமிங்கலம் அல்ல! பால் கொடுக்கும் தாய்! ஆறு காட்சிகள்!" கூட்டம் இரண்டு பங்கு வந்தது. வாசலில் கோஷம் போட ஒருவரும் இல்லாததால் உள்ளே போவதும் சுலபமாக இருந்தது.

அடுத்த எடைக்கு வெண்மதி மறுபடியும் இறங்கிப் போனாள்.

சுமலதா இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாவது நாள் மீனம்பாளிடம் ஒரு வெள்ளைத்தாள் வாங்கி, தன் குண்டு குண்டு எழுத்தில் எழுதினாள். "ஐயா, நான் ஒரு மாசம் திமிங்கலமாக இருந்தேன். நல்லபடியாக இருந்தேன், யாரையும் கொலை செய்யவில்லை. என்னைத் திரும்பவும் திமிங்கலமாகவே வைத்துக்கொள்ளும்படிக் கேட்டுக்கொள்கிறேன்."

உரக்கடை மாடியில் ராஜாராம் மனுவை இரண்டு தரம் படித்தார். அவர் கெட்டவர் இல்லை. வழி இருந்தால் செய்து கொடுப்பவர். "விதி மனிதர் நீங்கலாகன்னு சொல்லுது. அப்ப நீ மனிதர் நீங்கலானவள்னு கிராம நிர்வாக அலுவலர்கிட்ட ஒரு சான்று வாங்கினு வந்துடு. அவரு பதினஞ்சு நாள் நோட்டீஸ் ஒட்டுவாரு. ஆட்சேபணை யாராவது ஒருத்தர் குடுத்தாலும் முடியாது, பாத்துக்கோ. ஒருத்தர், 'இவ மனுசிதான்'னு ஒரு வரி எழுதினா போதும், ரத்து."

நோட்டீஸ் ஒட்டப்பட்டது. 'சிங்கவரம் கிராமம், ரஞ்சித் மனைவி சுமலதா என்பவர் மனிதர் அல்லர் என அறிவிக்கக் கோரியுள்ளார். இவர் மனிதரே எனக் கருதுவோர், பதினைந்து தினங்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கலாம்.'

சுமலதா அந்தப் பதினைந்து நாளும் பயந்து பயந்து செத்தாள். ஊரே அல்லவா படிக்கிறது. தெருவில் தண்ணீர்க் குடத்தோடு எதிர்ப்படுகிறவர்கள், கூடப் படித்தவர்கள், பந்தலில் மொய் எழுதிய சொந்தக்காரர்கள், எல்லோரும் நின்று படித்தார்கள். ஷோபனா மேடம் ஜீப்பை நிறுத்திப் படித்து, நோட்டீசில் ஒரு எழுத்துப் பிழை இருப்பதைச் சுட்டிக் காட்டினார். தேவேந்திரன் படித்துவிட்டு, "இதுல எனக்கின்னா?" என்றார். ரஞ்சித் போனில், "அப்படி ஆனா ரேசன் கார்டுல பேரு இருக்குமா இருக்காதா?" என்று மட்டும் கேட்டான். மஞ்சு ரொம்ப நேரம் நின்று படித்தாள். சுமலதாவுக்குத் திக்கென்றது.

"இன்னா மஞ்சு… எழுதிக் குடுக்கப் போறியா?"

"ச்சீ, இல்லக்கா. இந்த ஃபாரம் எங்க கெடைக்குது?"

பதினைந்தாம் நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆட்சேபணைப் பெட்டியைத் திறந்தார்கள். 'ஆட்சேபணை எவரிடமிருந்தும் வரப்பெறவில்லை' என்று எழுதி, சான்றில் முத்திரை குத்தினார்கள். ரேசன் கார்டிலிருந்து பேரை எடுத்தார்கள். வாக்காளர் பட்டியலில் மட்டும் விட்டு வைத்தார்கள். அதிலிருந்து எடுக்க யாருக்கும் மனசு வரவில்லை.

பச்சை வலை திரும்ப வந்தது. மீன் வந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் திரை இறங்கியது. ஜிப்பைப் பாதி திறந்துபோட்டு வெண்மதியை மடியில் வைத்துக்கொண்டிருந்தபோது, சுமலதாவுக்கு அந்தத் துண்டுப் பிரசுரம் ஞாபகம் வந்தது. எங்கேயோ சுவரைக் கடித்துக்கொண்டு சுற்றுகிற அந்த நிஜத் திமிங்கலம் இந்நேரம் என்ன பண்ணிக்கொண்டிருக்கும்? பாவம், அதற்கும் எழுதப் படிக்கத் தெரிந்து, ஒரு மனு போட முடிந்தால் எப்படி இருக்கும்? வெளியே விடு என்று கேட்கும். குட்டியைக் கொடு என்று கேட்கும். கடலைக் காட்டு என்று கேட்கும். ஆனால் எத்தனை கஷ்டம் வந்தாலும், என்னை மனுசியாக மாற்றிவிடு என்று மட்டும் அது ஒரு வரி எழுதாது.

ரொம்பப் புத்திசாலிப் பிராணி என்று ஷோபனா மேடமே சொல்லியிருக்கிறார்.